அக்கா கையெழுத்து போட்ட பத்திரம்

போன எபிசோட்ல ஆபீஸ் அப்ரைசல் பத்திப் புலம்பினோம். இன்னைக்கு விஷயம் வேற. இதை ஏற்கனவே ரெண்டு தடவை ரெக்கார்ட் பண்ணி, ரெண்டு தடவையும் அழிச்சுட்டேன். பெண்களுக்கு நடக்கற அநியாயம் பத்தி ஒரு பையன் மைக் பிடிச்சுப் பேசறது ரொம்ப சுலபம். ஆனா இந்தக் கதையில லாபம் பார்த்தவன் நான்தான். அதனால கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கோங்க.

கதை ஒரு மாமரத்துல ஆரம்பிக்குது.

காலைல பத்தரை மணி. டீம் ஸ்டாண்ட்-அப் ஓடிட்டு இருக்கு. அம்மா போன் பண்றாங்க. மீட்டிங்கை மியூட் பண்ணிட்டு எடுத்தேன். "தம்பி, கொல்லைல மாமரத்துக் கிளை ஒண்ணு மொட்டைமாடி சுவர்ல வந்து இடிக்குது. ஆள் வந்திருக்கான். வெட்டிடவா?" "இதுக்கு ஏம்மா என்னைக் கேக்கற?" "உன் வீடாச்சேப்பா. நாளைக்கு வந்து ஏன் வெட்டினேன்னு கேட்டுடக் கூடாதுல்ல."

அவங்க கேலியா சொல்லல, கோபமாவும் சொல்லல. அதுதான் என்னை உலுக்கிடுச்சு. அந்த மரத்தை வெச்சதே அவங்கதான். நான் ஒண்ணாவது படிக்கும்போது ஒரு டப்பால கன்னு கொண்டுவந்து நட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. "வெட்டிக்கோம்மா"ன்னு சொல்லிட்டு மீட்டிங்குக்குத் திரும்பினேன். என் முறை வந்தப்போ "நோ பிளாக்கர்ஸ்"னு சொன்னேன்.

அந்த வீடு எப்படி என் வீடாச்சு?

டெல்டா பக்கம் ஒரு சின்ன டவுன், எங்க ஊர். அப்பா சம்பளத்துலயும் பி.எஃப் பணத்துலயும் கட்டின வீடு. 2020-ல அப்பா தவறிட்டார். உயில் எதுவும் எழுதி வைக்கல. தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் வாங்கினோம். அதுல மூணு பேர் இருக்கு: அம்மா, அக்கா, நான். ஒருத்தர் பேர் பெருசா, ஒருத்தர் பேர் சின்னதா எல்லாம் இல்ல. சட்டப்படி மூணு பேருக்கும் ஆளுக்கு மூணுல ஒரு பங்கு.

2021-ல சித்தப்பா சொன்னார்: "எல்லாத்தையும் தம்பி பேர்ல மாத்திடுங்க. நாளைக்கு பேங்க் லோன், பட்டா, வரி எல்லாத்துக்கும் ஒரே கையெழுத்தா இருந்தா சுலபம்." எல்லாரும் தலையாட்டினோம். கூட்டுப்பட்டான்னு ஒண்ணு இருக்கு, மூணு பேர் பேர்லயும் பட்டா வாங்கலாம்னு அப்போ யாரும் சொல்லல. நானும் தேடல. கோட்ல ஒரு எரர் வந்தா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தேடற ஆளு நான்.

இதுக்கு விடுதலைப் பத்திரம்னு பேர். என்ன அழகான பேர் பாருங்க. யாருக்கு எதிலிருந்து விடுதலைன்னு கேட்டா, சொத்துல எனக்கு இருக்கற உரிமையை நான் விட்டுட்டேன்னு எழுதிக் கொடுக்கறது. வெளியாளுக்கு விக்கற பத்திரம்னா தமிழ்நாட்டுல 7% முத்திரைத்தீர்வை. குடும்பத்துக்குள்ள விடுதலைன்னா 1%தான், அதுக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. அக்கா தங்கச்சி விட்டுக்கொடுக்கறது மலிவான காரியம்.

பத்திரம் பதிய அக்கா பக்கத்து மாவட்டத்துல இருந்து பஸ் பிடிச்சு, ரெண்டு வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தா. சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன் போட்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னாடி இன்னொரு குடும்பம். ரெண்டு பொண்ணுங்க, நல்ல புடவை கட்டி, விசேஷத்துக்கு வந்த மாதிரி இருந்தாங்க. அண்ணன் கையில ஃபைல். அவங்களும் அதே பத்திரத்துக்குத்தான் வந்திருக்காங்கன்னு பத்திரம் எழுதறவர் பேசினதுல தெரிஞ்சுது. கொரோனா சமயம், "போட்டோவுக்கு மாஸ்க்கை இறக்கும்மா"ன்னாங்க. கைரேகை வெச்சாங்க. "சம்மதிச்சுத்தானே எழுதிக் கொடுக்கறீங்க?" "ஆமா சார்." பத்து செகண்டுகூட இருக்காது. அந்தப் பத்து செகண்டும் நான் வெளில ஆபீஸ் கால்ல இருந்தேன்.

பிறகு ஹோட்டல்ல சாப்பிட்டோம். பில்லை நான் கட்டினேன். "வீடு வாங்கியிருக்க, ட்ரீட் வெச்சுட்ட"ன்னு அக்கா சிரிச்சா. நானும் சிரிச்சேன்.

மாமர போன் வந்த அன்னைக்கு ராத்திரிதான் அந்தப் பத்திரத்தை முதல் தடவையா முழுசாப் படிச்சேன். எழுதிக் கொடுப்பவர்கள்னு ரெண்டு பேர் இருக்காங்க. அக்கா மட்டும் இல்ல, அம்மாவும். அன்னைக்கு அம்மாவும் வரிசைல நின்னு கைரேகை வெச்சிருக்காங்க. எனக்கு அது உறைக்கவே இல்ல. கட்டின புருஷன் வீட்ல தன்னோட மூணுல ஒரு பங்கையும் மகனுக்கு எழுதிக் கொடுத்துட்டு, இப்போ கிளை வெட்ட மகன்கிட்ட அனுமதி கேக்கறாங்க. காரணம்னு பத்திரத்துல எழுதியிருக்கறது அன்பும் பாசமும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? இதுல நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கு, எனக்கும் இருந்தது. "பொண்ணுங்களுக்கு 1989-ல தானே சொத்துரிமை வந்துச்சு"ன்னு நினைச்சுட்டு இருந்தேன். பாதிதான் சரி. அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்து, உயில் இல்லாம இறந்துட்டார்னா, மகனுக்கும் மகளுக்கும் சம பங்குன்னு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே இருக்கு. மனைவிக்கும், அப்பாவோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் அதே அளவு பங்கு. எங்க பாட்டிகள் காலத்துலயே வந்த சட்டம் அது. அதுக்கு முன்னாடி இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கிப்போனதுல வெறுத்துத்தான் 1951-ல அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை ராஜினாமா பண்ணார்.

ஆனா 1956 சட்டத்துல ஒரு கொக்கி இருந்தது. பிரிவு 23. குடும்பம் குடியிருக்கற வீட்டுல மகளுக்குப் பங்கு உண்டு, ஆனா ஆண் வாரிசுகள் பிரிச்சுக்க முடிவு பண்ற வரைக்கும் அவ பாகம் கேக்க முடியாது. கல்யாணம் ஆகாதவ, விதவை, புருஷன் கைவிட்டவ, பிரிஞ்சு வந்தவ, இவங்களுக்குத்தான் அங்க தங்கவே உரிமை. புருஷனோட வாழற பொண்ணுக்கு அதுவும் இல்ல. ஒரு பொண்ணு அப்பா வீட்டுக்கு எப்போ வரலாம்னு பார்லிமென்ட் யோசிச்சு எழுதியிருக்கு.

பரம்பரைச் சொத்து வேற கணக்கு. அதுல பிறந்த உடனே பங்கு, ஆனா மகனுக்கு மட்டும். இதைத் தமிழ்நாடு 1989-ல மாத்துச்சு. 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல, ஆணுக்கு இருக்கற சொத்துரிமை பெண்ணுக்கும் வேணும்னு பெரியார் இயக்கம் தீர்மானம் போட்டது. அங்கிருந்து சட்டமாக 60 வருஷம். அப்பவும் 1989 மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுங்களை விட்டுட்டாங்க. எங்க அத்தைக்கு 1988-ல கல்யாணம். ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தா அவங்களும் கணக்குல வந்திருப்பாங்க. 2005-ல மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்து அந்தக் கல்யாண நிபந்தனையை எடுத்துது, பிரிவு 23-ஐயும் தூக்கிடுச்சு. 2020 ஆகஸ்ட்ல வினீதா சர்மா வழக்குல உச்சநீதிமன்றம், திருத்தம் வந்த அன்னைக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியமே இல்லன்னு சொல்லிடுச்சு.

ஆக சட்டப் புத்தகத்துல பெரும்பாலும் முடிஞ்ச கதை. 1929-ல ஆரம்பிச்சு மாநாடு, மசோதா, ராஜினாமா, திருத்தம், தீர்ப்புன்னு இத்தனை பேர் இழுத்துக் கொண்டுவந்து அக்கா கையில கொடுத்ததை, சார்பதிவாளர் ஆபீஸ்ல பத்து செகண்ட்ல நாங்க திருப்பி வாங்கிட்டோம். யாரும் மிரட்டல. யாரும் சத்தம்கூடப் போடல.

இப்போ நீங்க கேப்பீங்க, "அதான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே?" எங்க வீட்லயும் இதே வசனம்தான். அக்காவுக்கு 2014-ல 40 பவுன் போட்டாங்க. சரி, கணக்குன்னு வந்தா முழுசாப் போடுவோம். அந்த 40 பவுன்ல பாதிக்கு மேல அத்தானோட கடைக்காக அடகுல போச்சு, திரும்பி வரல. அக்கா மேல செலவு பண்ணதுன்னு எழுதினது, அக்கா கையில நிக்கல. எனக்கு? நாலு வருஷம் தனியார் இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், லேப்டாப், பிறகு சென்னைல ஆறு மாசம் வேலை தேடின செலவு. அக்காவுக்கு பிளஸ் டூல என்னைவிட மார்க் அதிகம். பஸ்ல போய்ட்டு சாயங்காலம் வீடு திரும்பற தூரத்துல காலேஜ் இருக்குன்னு பி.எஸ்சி சேர்த்தாங்க. பத்திரம் போடும்போது அவ நகை கணக்குல வந்துச்சு. என் ஃபீஸ் வரல. என் ஃபீஸ் வளர்ப்பு, அவ நகை பங்கு.

இதை அக்காகிட்ட கேட்டேன். போன்லதான். "ஏன்க்கா கையெழுத்து போட்ட?" கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னா: "போடலைன்னா நீ என்ன நினைப்பேன்னு எனக்குத் தெரியாது. சித்தப்பா என்ன நினைப்பார்னு தெரியும். பொங்கலுக்கு வரிசை வெச்சுட்டு ஒருத்தன் வரணும், பிள்ளைக்குக் காது குத்தினா தாய்மாமன்னு மடியில வெச்சுக்க ஒருத்தன் வேணும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா வந்து நிக்க ஒரு வாசல் வேணும். பங்கு வாங்கிட்டா வாசல் போயிடும்டா."

பங்கு வேணாம், வாசல் வேணும். நம்ம ஊர்ல இந்தப் பேரத்தை எத்தனையோ பொண்ணுங்க பண்றாங்க. பங்கு கேட்டவளுக்கு ஊர் வைக்கற பேர் உங்களுக்கே தெரியும். "அண்ணன் தம்பி மேல கேஸ் போட்டவ."

அந்த வாசல் எவ்ளோ நாள் திறந்திருந்ததுன்னும் சொல்றேன். இதை அவ அனுமதியோடதான் சொல்றேன். 2022-ல அத்தானோட பெரிய சண்டை. அக்கா குழந்தையோட வீட்டுக்கு வந்துட்டா. அம்மா ஒண்ணும் கேக்கல. நாலாவது நாள் சித்தப்பா வந்து, "எப்போம்மா கிளம்பற?"ன்னாராம். நானும் சென்னைல இருந்து போன்ல, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோக்கா, குழந்தை ஸ்கூல் என்னாகும்?"னு சொன்னேன். பத்தாவது நாள் கிளம்பிட்டா. ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் மூணுல ஒரு பங்கு அவளோடதா இருந்த வீடு அது.

பீனா அகர்வால்னு ஒரு பொருளாதார அறிஞர். 2005 திருத்தத்துக்காகத் தொடர்ந்து வாதாடினவங்க. அவங்களும் பிரதீப் பாண்டாவும் சேர்ந்து திருவனந்தபுரம் மாவட்டத்துல சுமார் 500 பெண்கள்கிட்ட பண்ண ஆய்வு 2005-ல வந்தது. நிலமும் இல்ல, வீடும் இல்லங்கற பெண்கள்ல 49% பேர் கணவன்கிட்ட அடி வாங்கியிருக்காங்க. நிலம் மட்டும் இருந்தவங்கள்ல 18%. வீடு மட்டும் இருந்தவங்கள்ல 10%. ரெண்டும் இருந்தவங்கள்ல 7%. டேட்டா பார்க்கற புத்தில, படிப்பு வேலைன்னு வேற காரணமா இருக்கலாமேன்னு தோணும். அதையெல்லாம் கழிச்சுப் பார்த்த பிறகும் சொத்தோட தாக்கம் நிக்குதுன்னு அவங்க காட்டியிருக்காங்க. காரணம் புரியறது கஷ்டமில்ல. கிளம்பிப் போக ஒரு இடம் இருக்கறவளை அடிக்கக் கை ஓங்கறவன் கொஞ்சம் யோசிப்பான்.

இது இந்துக் குடும்பங்களோட கதை மட்டும் இல்ல. இஸ்லாமியச் சட்டத்துல மகளுக்கு மகனோட பங்குல பாதி. கேரளா சிரியன் கிறிஸ்தவங்களுக்கு 1916 திருவிதாங்கூர் சட்டம் ஒண்ணு இருந்தது. மகன் பங்குல கால்வாசி, இல்லன்னா 5,000 ரூபாய், எது குறைவோ அதுதான் மகளுக்கு. கோட்டயத்துல ஸ்கூல் நடத்தின மேரி ராய், எழுத்தாளர் அருந்ததி ராயோட அம்மா, அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரைக்கும் போய் 1986-ல ஜெயிச்சாங்க. எதிர்ப்பக்கம் நின்னது சொந்த அண்ணன். தீர்ப்பு வந்த பிறகு நிறைய அப்பாக்கள் மகளுக்குப் பங்கு போகாம இருக்க அவசரமா உயில் எழுதினாங்கன்னு படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரல.

இன்னொரு வாதம். இதைச் சொன்னது என் ரூம்மேட். நல்ல பையன்தான். "பங்கு வேணும்னா பெத்தவங்களைப் பார்த்துக்கற பொறுப்பும் வேணும்ல மச்சி? அதைப் பையன்தானே பண்றான்?" சட்டப்படி பார்த்தா, 2007 மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துல பிள்ளைகள்னா மகனும்தான் மகளும்தான். கல்யாணம் ஆன மகளும் பெத்தவங்களுக்கு ஜீவனாம்சம் தரப் பொறுப்புள்ளவன்னு உச்சநீதிமன்றம் 1987-லயே சொல்லியாச்சு. சட்டத்தை விடுங்க. போன வருஷம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நான் ஜிபேல பணம் அனுப்பினேன், வீடியோ கால்ல ரெண்டு தடவை வந்தேன். அக்கா மூணு வாரம் கூடவே இருந்து, மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டா. ஊர்ல என்ன பேசிக்கிட்டாங்க? "பையன் நல்லா பார்த்துக்கறான்." மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுல, வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 289 நிமிஷம் செலவழிக்கறாங்க. செய்யற ஆண்கள் 88 நிமிஷம். செய்யாத ஆண்கள் அந்தச் சராசரிக்குள்ளயே வரமாட்டாங்க, அதாவது என் மாதிரி ஆளுங்க.

கேக்கற பெண்களுக்கு ஒரு விஷயம், இதைத் தள்ளிப் போடாதீங்க. உங்க பேர்ல ஃபிளாட், சேமிப்பு, பி.எஃப் இருக்கலாம். நீங்க இந்துச் சட்டத்துக்குள்ள வர்றவங்களா இருந்து, உயில் எழுதாம, கணவரும் குழந்தையும் இல்லாம இறந்துட்டா, நீங்க சம்பாதிச்சது முதல்ல போறது உங்க அம்மா அப்பாவுக்கு இல்ல, கணவரோட வாரிசுகளுக்கு. 1956 சட்டம், பிரிவு 15. கல்யாணமாகி மூணு மாசத்துல கணவரை இழந்து, மாமியார் வீட்லருந்து விரட்டப்பட்டு, பிறந்த வீட்டு உதவில படிச்சு வேலைக்குப் போன ஒரு பெண்ணோட வழக்கு 2009-ல உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. வாழ்நாள் முழுக்க அவங்க சம்பாதிச்சது, விரட்டின அந்தக் குடும்பத்துக்கே போச்சு. சட்டம் அப்படித்தான் இருக்குன்னு கோர்ட் கையை விரிச்சுடுச்சு. ஆணுக்கு இப்படி இல்ல. அவன் சொத்து என்னைக்கும் மாமனார் வீட்டுக்குப் போகாது. உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைப் பேப்பர் போதும். ரெண்டு சாட்சி கையெழுத்து வேணும். பதிவு பண்றது நல்லது, கட்டாயம் இல்ல.

சரி, நான் என்ன பண்ணேன்? முதல்ல அம்மாகிட்ட சொன்னேன், வீட்டை மூணு பேருக்கும் திரும்ப எழுதிடலாம்னு. அம்மா பயந்துட்டாங்க. "உனக்குப் பொண்ணு பார்த்துட்டு இருக்கோம். சொந்த வீடு இருக்கு, பையன் பேர்லதான் இருக்குன்னு ஜாதகத்தோட சொல்லி வெச்சிருக்கேன்." என் ஜாதகத்துல அக்காவோட பங்கும் சேர்ந்து ஊர் சுத்திட்டு இருக்கு. சித்தப்பா இப்போ என்கூடப் பேசறதில்ல. அத்தானோட அம்மா மட்டும், "பரவாயில்லையே"ன்னு சொன்னாங்களாம். அவங்க சந்தோஷப்படற காரணம் வேறங்கறதும் எனக்குப் புரியுது. பங்கு அக்கா பேருக்கு வந்தா அதுவும் கடைக்குப் போயிடுமோன்னு எனக்கே ஒரு பயம் இருந்தது. அதை அக்காகிட்ட சொன்னப்போ, "அதை நான் பார்த்துக்கறேன். நீ ஐபோனை எவன்கிட்ட கேட்டு வாங்கின?"ன்னா. அதோட வாயை மூடிட்டேன்.

ரெண்டு மாசம் பேசிப் பேசி, அம்மா பங்கை மட்டும் இப்போ செட்டில்மென்ட் பத்திரமா அவங்க பேருக்குப் பதிஞ்சாச்சு. இந்தத் தடவை நான் வெளில கால்ல இல்ல, உள்ள நின்னேன். அக்கா இன்னும் சரின்னு சொல்லல. "பத்திரம் ஓடியா போகுது, பொங்கலுக்கு வரும்போது பேசிக்கலாம்"ங்கறா. வரிசை எடுத்துட்டு இந்த வருஷம் நேர்ல வான்னும் சொல்லியிருக்கா. போன மூணு வருஷமா ஜிபேதான் போயிட்டு இருந்தது.

விடுதலைப் பத்திரம் பத்தி உங்க வீட்டுக் கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பேர் சொல்லமாட்டேன். அடுத்த எபிசோட்ல சிவில் கேஸ் பார்க்கற ஒரு வக்கீல் வர்றாங்க. ஏற்கனவே கையெழுத்து போட்டவங்க என்ன பண்ண முடியும்னு அவங்ககிட்ட கேட்போம். அம்மா இப்பதான் போட்டோ அனுப்பியிருக்காங்க. மாமரத்துல இன்னொரு கிளையையும் காணோம்.